‘நாக்’னா மூக்கா, நாக்கா? ஓசூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிக் கைவேலையாகச் சொல்லித் தருவது எப்படி?

‘உன் நாக் எங்கே?’ என்று கேட்டால் ஒரு பிள்ளை நாக்கை நீட்டும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை மூக்கைத் தொடும். ரெண்டு பேருமே சரி. இந்தியிலும் ஒடியாவிலும் ‘நாக்’, ‘நாக’ என்றால் மூக்கு. தமிழ்க் காதுக்கு அது நாக்கு.

ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் 3 வயதிலிருந்து 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உடல் உறுப்புகளைச் சொல்லித் தர உட்காரும் அம்மா, அப்பா, அங்கன்வாடி பணியாளர், ஆசிரியர் எல்லாரும் முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான். படம் போட்ட சார்ட்டைச் சுவரில் ஒட்டி ‘இது கண், இது காது’ என்று ஒப்பிக்க வைத்தால் இங்கே வேலைக்கு ஆகாது. தொட்டு, வெட்டி, ஒட்டி, மடித்துச் செய்யும்போதுதான் சொல்லும் உறுப்பும் சேர்ந்து மனதில் உட்காருது.

அதை வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே எப்படிச் செய்யலாம், இந்த மாவட்டத்தில் இது ஏன் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று பார்ப்போம்.

ஒரே வகுப்பில் 5 மொழி

ஓசூர் என்ற பெயரே கன்னடம். ‘ஹொச ஊரு’, அதாவது புது ஊர். பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகா வந்துவிடும். இன்னொரு பக்கம் ஆந்திரா. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகத் தலைமுறை தலைமுறையாக இருக்கு. 1970-களில் சிப்காட் வந்த பிறகு தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் இருந்து குடும்பங்கள் வந்தன. இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்கு வருகிறார்கள்.

இதில் ஒரு நல்ல விஷயம், ஒரு கெட்ட விஷயம்.

நல்லது என்னன்னா, தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுக்கும் உடல் உறுப்புச் சொற்கள் பெரும்பாலும் அக்கா தங்கச்சி மாதிரி. தமிழில் கண், தெலுங்கில் கன்னு, கன்னடத்தில் கண்ணு. தலை, தல, தலெ. மூக்கு, முக்கு, மூகு. கால், காலு, காலு. தமிழ் ‘ப’ கன்னடத்தில் ‘ஹ’ ஆகிவிடும் என்ற ஒரு சின்ன சூத்திரம் தெரிந்தால் போதும், பல் ‘ஹல்லு’ ஆவது புரியும். தெலுங்கில் வயிறு ‘பொட்ட’, கன்னடத்தில் ‘ஹொட்டெ’. ‘ஹொச ஊரு’வில் உள்ள ‘ஹொச’கூட பழைய கன்னடத்தில் ‘பொச’தான். கை மட்டும் தெலுங்கில் ‘செய்யி’ என்று கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கெட்டது இந்தி பேசும் பிள்ளையிடம் வரும். ‘நாக்’ மட்டும் இல்லை. இந்தியில் கன்னத்துக்கு உள்ள சொல் தமிழ்க் காதில் ‘கால்’ என்று விழும். முடிக்கு உள்ள சொல் ‘பால்’ என்று விழும். எழுதிக் காட்டினால் இன்னும் குழப்பம், ஏன்னா தமிழ் எழுத்தில் ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான். ‘காலைக் காட்டு’ என்று சொன்னதும் பிள்ளை கன்னத்தைத் தொட்டால் அது மக்கு இல்லை, தன் மொழியில் சரியாகப் பதில் சொல்லியிருக்கு.

அதனால் இந்தப் பகுதியில் முதல் கைவேலை சொல் அட்டைதான். கல்யாணப் பத்திரிகை, பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி ஒரு பக்கம் உறுப்பின் படம், மறுபக்கம் அந்த வகுப்பில் எத்தனை வீட்டு மொழி இருக்கோ அத்தனையிலும் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். பெயரைச் சொல்ல வேண்டியது பிள்ளைகள்தான். ஒடியா பேசும் பிள்ளை ‘ஆக்கி’ என்று கண்ணைத் தொட்டுச் சொன்னால், அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் டீச்சர். தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படித்தாக வேண்டும். வீட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழ்ச் சொல்லுக்கு வருவது அதற்குக் குறுக்குவழி, தடை இல்லை.

படுத்துக்கோ, உன்னைச் சுத்தி கோடு போடுறேன்

3, 4 வயதுப் பிள்ளையிடம் ‘ஒரு ஆளை வரை’ என்றால் பெரும்பாலும் ஒரு வட்டம், அதிலிருந்து நேராக ரெண்டு கால் வரும். கழுத்து கிடையாது, வயிறு கிடையாது. உலகம் முழுக்க இப்படித்தான். 1926-லேயே அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குட்எனஃப், பிள்ளைகள் வரையும் மனித உருவத்தில் என்னென்ன உறுப்பு வருது என்று எண்ணி ஒரு சோதனையையே உருவாக்கினார். வயது ஏற ஏற வயிறு வரும், விரல் வரும், கழுத்து வரும். எனவே வட்டத்தில் இருந்து கால் முளைத்தால் திருத்த வேண்டாம். பத்திரமா தேதி போட்டு வைங்க. 6 மாசம் கழித்து வரைவதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உடல் வரைபடம் இந்த வயதுக்கு மிகப் பொருத்தமான வேலை. பிள்ளையைத் தரையில் படுக்க வைத்து உடம்பைச் சுற்றிக் கோடு போடணும். காகிதம் இல்லையென்றால் சிமென்ட் தரையில் சாக்பீஸ் போதும். காகிதம்தான் வேணும் என்றால், ஓசூரில் அட்டைப் பெட்டிக்குப் பஞ்சம் இல்லை. டிவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்றைப் பிரித்தால் 5 வயதுப் பிள்ளை தாராளமாகப் படுக்கலாம். கம்பெனியில் இருந்து ரசாயனம், பெயின்ட், எண்ணெய் வந்த பெட்டியை மட்டும் எடுத்துவர வேண்டாம். ஸ்டேப்ளர் பின் இருக்கா என்று தடவிப் பாருங்க.

கோடு போட்டதும் பிள்ளை எழுந்து பார்க்கும்போது ஒரு ஆச்சரியம் இருக்கு: ‘இவ்ளோ பெருசா நானு?’ அந்த நேரத்தை அவசரப்பட்டுக் கடக்க வேண்டாம். கண், மூக்கு, வாய் வரைவது, பழைய துணியில் சட்டை ஒட்டுவது, கம்பளி நூலில் முடி வைப்பது எல்லாம் அவங்க வேலை. பெரியவர் வேலை கேட்பது மட்டும்தான். ‘முட்டி எங்கே வரும்? முழங்கை இடுப்புக்கு மேலேயா, கீழேயா?’ பதில் தெரியாத பிள்ளை தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்துக்குத் திரும்பும். அந்தத் தொட்டுப் பார்ப்பதுதான் பாடம்.

இந்த அட்டை ஆளைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்து வரும் எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை.

மூட்டு: ஆட்டுக்கல்லும் கதவுக் கீலும்

தோல்பாவைக் கூத்தில் பாவையின் கையும் முழங்கையும் தனித்தனித் துண்டாக இருந்து, கயிற்று முடிச்சில் அசையும். அதையே அட்டையில் செய்யலாம். தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, கீழ்க்கால் என்று வெட்டி, ஓட்டை போட்டு, தடித்த நூலை இருபக்கமும் முடிச்சுப் போட்டால் பொம்மை ஆடும். ஓட்டை போடுவது பெரியவர் வேலை.

பொம்மையின் முழங்கை ரெண்டு பக்கமும் மடங்கும். பிள்ளையின் முழங்கை மடங்காது. ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டு கதவைக் காட்டுங்க. கீல் இருப்பதால் கதவு ஒரு பக்கம்தான் திறக்குது, முழங்கையும் அப்படித்தான். தோளும் இடுப்பும் வேற. ஆட்டுக்கல் குழியில் குழவி சுழல்வது மாதிரி ஒரு எலும்பின் உருண்டை முனை இன்னொரு எலும்பின் குழியில் சுழலுது. அதனால்தான் கையைச் சுற்ற முடியுது. ஆட்டுக்கல் பார்க்காத பிள்ளையா? வெட் கிரைண்டர் கல்லைக் காட்டுங்க.

உள்ளே இருப்பதை எப்படிக் காட்டுவது?

வெளியே இருக்கும் உறுப்பைத் தொட்டுக் காட்டலாம். குடலையும் நுரையீரலையும் எப்படிக் காட்டுவது? சின்னப் பிள்ளையிடம் ‘உன் வயித்துக்குள்ள என்ன இருக்கு?’ என்றால் ‘சாப்பாடு’ என்றுதான் சொல்லும். போனதுதானே உள்ளே இருக்கும்! அந்த நியாயத்தில் இருந்தே தொடங்கலாம்.

கழுவிய பால் கவரில் ஒரு துண்டு இட்லியும் கொஞ்சம் தண்ணியும் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பிள்ளை கையில் கொடுத்துப் பிசையச் சொல்லுங்க. 2 நிமிஷத்தில் கூழ். இரைப்பை செய்வதும் இதுதான், பிசைவது. கூடவே ஒரு புளிப்பு நீரும் சுரக்குது என்று சொன்னால் இந்த வயதுக்குப் போதும்.

அடுத்து குடல். இங்கே ஒரு சேலை வேணும். வளர்ந்தவர்களின் சிறுகுடல் சுமார் 6 மீட்டர். ஒரு சேலை ஐந்தரை மீட்டர் அளவு. சேலையைத் தாழ்வாரத்தில் நீளமாகப் பிரித்து, ஒரு பிள்ளையை இந்த முனையிலும் ஒரு பிள்ளையை அந்த முனையிலும் நிற்க வைங்க. ‘இவ்ளோ நீளமான குழாய் அம்மா வயித்துக்குள்ள இருக்கு’ என்றால் யாரும் நம்பமாட்டாங்க. இப்போது அதைக் கொசுவம் வைப்பது மாதிரி மடித்து மடித்து, அட்டை ஆளின் வயிற்றுக்குள் வைக்கச் சொல்லுங்க. அடங்கிவிடும். அதைச் சுற்றி ஒரு துண்டைச் சட்டம் போல வைத்தால் பெருங்குடல், அது சுமார் ஒன்றரை மீட்டர். பெயரில்தான் பெருசு, நீளத்தில் இல்லை. அகலம் அதிகம் என்பதால் அந்தப் பெயர். பிள்ளைகளின் குடல் இதைவிடக் குட்டை என்பதையும் சொல்லிவிடணும், இல்லாட்டி ராத்திரி வயித்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்.

இதயத்துக்கு அளவுகோல் பிள்ளையின் கையிலேயே இருக்கு. மூடிய முஷ்டி எவ்வளவோ, இதயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முஷ்டியை அட்டையில் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு வண்ணம் அடித்து, அட்டை ஆளின் நெஞ்சில் நடுவில் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து ஒட்டலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஹார்ட் சின்னத்தை வெட்டி ஒட்டாதீங்க. நிஜ இதயம் அப்படி இருக்காது.

அந்த இதயத்தின் சத்தத்தையும் கேட்கலாம், ஒரு ரூபாய் செலவில்லாமல். 1816-ல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் ஒரு பெண் நோயாளியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மருத்துவர் நோயாளியின் நெஞ்சில் காதை வைத்துத்தான் கேட்பார். அவருக்குக் கூச்சம். காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். நேராகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான், முதல் ஸ்டெதஸ்கோப் ஒரு காகிதக் குழாய். பழைய காலண்டர் தாளை ஓர் அடி நீளத்துக்குச் சுருட்டி டேப் ஒட்டினால் பிள்ளைக்கும் ஒன்று ரெடி. ‘லப்-டப்’ கேட்கணும் என்றால் அறை அமைதியா இருக்கணும், நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் சிரமம்தான். முதலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 30 தடவை குதித்துவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்க. வேகம் கூடியிருக்கும். ‘ஏன் ஓடுது?’ என்று கேள்வி வரும். காலுக்கு வேலை கூடினால் ரத்தம் வேகமாகப் போகணும், அதுக்குப் பம்ப் வேகமாக அடிக்குது.

நுரையீரலுக்கு வாட்டர் பாட்டில் மாதிரி ஒன்று பள்ளிக்கூடங்களில் பிரபலம். பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, வாய்ப்பகுதியில் ஒரு பலூனை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இன்னொரு பலூன் தோலை இழுத்துக் கட்டுவது. அடித் தோலைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் தானாக உப்பும். காற்று உள்ளே போவதால் நெஞ்சு விரியுது என்றுதான் பெரியவர்களே நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். நெஞ்சுக்கூடு விரிவதாலும் அடியில் உள்ள உதரவிதானம் இறங்குவதாலும்தான் காற்று உள்ளே வருது. 7, 8 வயதுக்கு இது நல்ல மாதிரி. 4 வயதுக்கு வேண்டாம். அவங்களுக்கு வயித்து மேல ஒரு காகிதக் கப்பலை வைத்துவிட்டு, மல்லாக்கப் படுத்து மூச்சு விடச் சொன்னால் கப்பல் ஏறி இறங்கும். அதுவே போதும்.

மூளையை விட்டுட்டீங்களே என்றால், வேணும்னுதான் விட்டோம். காகிதக் குல்லாவில் மூளைப் படம் வரைந்து தலையில் மாட்டுவது யூடியூபில் அழகா இருக்கும். ஆனால் தொட முடியாத, கேட்க முடியாத, அசைவது தெரியாத உறுப்பை 4 வயதில் வண்ணம் அடிப்பதால் வண்ணம் அடிக்கத்தான் கத்துக்குவாங்க. அதே யூடியூப் கைவேலைகளுக்குச் சொல்லும் ஃபெல்ட் துணி, உருளும் கண், கலர் குச்சிக்கெல்லாம் காசு செலவழிக்கவும் தேவையில்லை.

பல்லும் தண்ணியும்: கிருஷ்ணகிரியில் தவறவிடக் கூடாத பாடம்

மற்ற மாவட்டத்தில் பல் பாடம் என்றால் ‘காலையும் ராத்திரியும் பல் தேய்க்கணும்’ என்பதோடு முடியும். இங்கே அப்படி முடிக்க முடியாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஃபுளூரைடு அதிகம். பாறையில் இருந்து கரைந்து வருவது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயத்தில் விரும்பத்தக்க அளவு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதைவிடக் கூடுதலாக உள்ள நீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய 8 வயதுக்குள், தொடர்ந்து குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டு, மஞ்சள், பழுப்புக் கோடு விழும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியுடன், காவிரி நீரை இந்த இரு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். செலவு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல். திட்டத்தின் பெயரிலேயே ‘புளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்று இருக்கு. குழாயில் காவிரி வந்த பிறகும், தண்ணி வராத நாளில் போர்வெல்லுக்குத் திரும்பும் வீடுகள் உண்டு.

இதில் பிள்ளைக்கு என்ன சம்பந்தம்? பல்லில் பழுப்பு விழுந்த பிள்ளையைப் பார்த்து ‘நீ பல்லே வெளக்கறதில்ல’ என்று வகுப்பிலேயே சொல்லிவிடுவாங்க. அந்தக் கறை தேய்க்காததால் வந்தது இல்லை. பல்லுக்கு உள்ளேயே உருவானது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அப்படித் திட்டு வாங்கிய பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிடும்.

எனவே இங்கே பல் கைவேலையை ரெண்டாகச் செய்யலாம். முதலாவது, 5 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு: கோதுமை மாவைப் பிசைந்து, குதிரை லாடம் மாதிரி ரெண்டு வளைவு செய்து, ஒவ்வொன்றிலும் 10 மக்காச்சோள முத்துகளை ஊன்றச் சொல்லுங்க. மொத்தம் 20. பால் பல்லின் எண்ணிக்கை அதுதான். 6 வயது வாக்கில் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும்போது அந்த முத்தைப் பிடுங்கிவிட்டுக் கொஞ்சம் பெரிய முத்தை வைக்கலாம். கடைசியில் 32 ஆகும்.

ரெண்டாவது, முட்டை ஓடு. அவித்த முட்டையை உரித்த ஓட்டுத் துண்டை வினிகரில் போட்டு வைங்க. குமிழ் குமிழாக வரும், மறுநாள் மெலிந்து போயிருக்கும். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. ஓடும் பல்லும் ஒரே பொருள் இல்லை. ஆனால் ரெண்டிலும் கால்சியம் சேர்மங்கள் இருக்கு, ரெண்டையும் அமிலம் அரிக்கும். மிட்டாய் தின்ற வாயில் கிருமிகள் அமிலம் உண்டாக்கும் என்பதைச் சொல்ல இதைவிட எளிய வழி இல்லை. அசைவ வீடு என்றால் கோழிக்கால் எலும்பை வினிகரில் 3, 4 நாள் ஊற வைத்துப் பாருங்க. ரப்பர் மாதிரி வளையும்.

சொத்தை அமிலத்தால் வருது, தேய்த்தால் தடுக்கலாம். பழுப்புத் திட்டு தண்ணியால் வருது, தண்ணியை மாற்றினால்தான் தடுக்கலாம். இந்த ரெண்டையும் பிள்ளை பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும். ஒரு விஷயம் பெரியவர்களுக்கு: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்குப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும், விழுங்காமல் துப்பணும்.

‘இந்த இடத்தை யாரும் தொடக் கூடாது’

உடல் வரைபடம் இன்னொரு வேலைக்கும் வேணும். 2024 ஆகஸ்டில் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி மாணவிகளிடம் பாலியல் குற்றம் செய்த வழக்கு மாநிலத்தையே உலுக்கியது. மாணவிகள் சொல்லியும் போலீஸுக்குத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள். அந்த மாணவிகள் வளர்ந்தவர்கள், சொல்ல வார்த்தை இருந்தது. 4 வயதுப் பிள்ளைக்கு இருக்குமா?

நம்ம வீடுகளில் கண், காது, மூக்குக்கெல்லாம் பெயர் சொல்லித் தருவோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் ‘அது’, ‘ஷேம் ஷேம்’, இல்லாட்டி வீட்டுக்கு வீடு மாறும் ஒரு செல்லப் பெயர். தாத்தா பாட்டிக்கு மட்டும் புரியும் அந்தப் பெயரைப் பிள்ளை டீச்சரிடம் சொன்னால் டீச்சருக்குப் புரியாது. ஓசூரில் இது இன்னும் மோசம், டீச்சர் மொழியே வேற. எனவே அட்டை ஆளில் மற்ற உறுப்புகளோடு சேர்த்து ஆண்குறி, பெண்குறி, ஆசனவாய், மார்பு என்ற சொற்களையும் சாதாரணக் குரலில், சிரிக்காமல், திட்டாமல் சொல்லணும். வீட்டுச் சொல்லும் கூட இருக்கட்டும்.

பிறகு அட்டை ஆளுக்குத் துணியில் ஜட்டி, பனியன் வெட்டி ஒட்டச் சொல்லுங்க. ‘இந்தத் துணி மூடுற இடத்தைக் குளிப்பாட்டவும், உடம்பு சரியில்லாதப்போ அம்மா அப்பா கூட இருக்கும்போது டாக்டர் பார்க்கவும் தவிர யாரும் தொடக் கூடாது, அடுத்தவங்க இடத்தைத் தொடச் சொல்லவும் கூடாது. தொட்டா எங்கிட்ட சொல்லு, எவ்ளோ ரகசியம்னு சொன்னாலும் சொல்லு.’ தெரிந்தவர், சொந்தக்காரர், பள்ளியில் உள்ளவர் என்று யாராக இருந்தாலும் இதேதான் என்பதையும் சேர்க்கணும். ‘தெரியாத மாமா கிட்ட போகாதே’ என்று மட்டும் சொன்னால் பாதி ஆபத்தைச் சொல்லாமல் விடுகிறோம்.

பிள்ளை ஏதாவது சொன்னால், திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக் குடைய வேண்டாம். நம்புவதாகச் சொல்லிவிட்டு, 1098-க்குக் கூப்பிடுங்க. இது 24 மணி நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். பள்ளி தொடர்பான புகாருக்குத் தமிழக பள்ளிக்கல்வித் துறையின் 14417 இருக்கு. 2012 போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம். 6 மாதம் வரை சிறை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஓராண்டு வரை.

பள்ளியில் இதெல்லாம் இருக்கா?

இருக்கு. கொரோனா இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஆடல், பாடல், பொம்மலாட்டம், கதை வழியாகத்தான் 1 முதல் 3-ம் வகுப்பு வரை பாடம், பிறகு 4, 5-க்கும் வந்தது. அங்கன்வாடிகளில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் இருக்கு. மத்திய அரசு 2023 பிப்ரவரியில் 3 முதல் 8 வயதுக்கு ‘ஜாதுயி பிடாரா’ என்ற விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. பக்கத்து ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி பள்ளி உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது.

சிக்கல் சிப்காட் குடும்பங்களுக்கு நேரத்தில் இருக்கு. அப்பா ஏ ஷிஃப்ட், அம்மா பி ஷிஃப்ட் என்றால் பிள்ளையோடு ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருவது வார விடுமுறையில்தான். 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. உங்க கம்பெனியில் இருக்கா, காண்ட்ராக்ட் ஊழியர் பிள்ளைக்கும் இடம் உண்டா என்று ஹெச்.ஆரிடம் கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் என்றால் சாக்பீஸ் கோடு, காகித ஸ்டெதஸ்கோப், கொசுவம் வைத்த சேலை, மூணுமே 15 நிமிஷ வேலை. மீதியை அக்கா, அண்ணன் பார்த்துக்குவாங்க.

கையில் எதைக் கொடுக்கக் கூடாது?

ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும்தான் முதல் ஆபத்து. வாயில் போட்டு உறிஞ்சினால் தொண்டையை அடைத்துவிடும், 8 வயதுக்குக் கீழே பெரியவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கக் கூடாது. சோள முத்து, கடலை, மணி மூணும் 5 வயதுக்குக் கீழே வேண்டாம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஊக்கு, குச்சி விட்டு எடுக்கப் பார்க்காதீங்க, உள்ளே போய்விடும். வினிகர் கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணியில் தொடர்ந்து கழுவணும். பேசும் பொம்மை, லைட் எரியும் கார்டில் உள்ள பொத்தான் பேட்டரியைப் பிரித்துக் கைவேலைக்கு எடுப்பது சில வீடியோக்களில் வருது. அது மட்டும் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்க. அதே மாதிரி பேட்டரி இன்னொன்று இருந்தால் கூடவே எடுத்துட்டுப் போங்க, எந்த அளவு என்று டாக்டருக்குத் தெரியும்.